வெள்ளிக்கிழமைக்கு முன்பே போட்ட கையெழுத்து

மகளின் ஆங்கில வகுப்பு விதிகளில் ஒன்று, அவள் தினமும் வீட்டில் வாசிப்பதைத் தகப்பன் கேட்டுக் கொப்பியில் கையெழுத்திட வேண்டும் என்பது. பொய்க் கையெழுத்துக்குப் புள்ளி வெட்டு. நானோ ஞாயிறன்றே வாரம் முழுவதற்கும் போட்டுவிடும் வீரன்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடம் போகும் வழியில், கல்லாற்றுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளைவிட நான்தான் கூடுதலாக நடுங்கினேன்.

டீச்சர் கொப்பியை விரித்தார். “ஐயா, வாற வெள்ளிக்கிழமை மகள் நல்லா வாசிச்சவவோ?”

“பிழை என்னிலதான் டீச்சர். பிள்ளைட புள்ளியை வெட்டாதீங்க.”

“அப்ப இப்பவே இங்க இருந்து கேளுங்க. கேட்டுட்டுக் கையெழுத்து வச்சா வெட்ட மாட்டன்.”

டீச்சருக்குப் பக்கத்தில் நின்ற மகள் வாசித்தாள். வேர்க்க வேர்க்க முழுவதும் கேட்டேன். பேனை பிடித்த கை உதறி, கையெழுத்து நண்டு நடந்த தடம்போல் விழுந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, இதுதான் கள்ளக் கையெழுத்து மாதிரிக் கிடக்கு.”