மலை தெரியாத வாரங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மழையளக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தைந்து. கிள்ளானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது. இங்கிலீஷ் எண்களைத் தப்பில்லாமல் எழுதுவேன். அந்த வேலைக்கு அவ்வளவு போதும்.

ஆற்றங்கரை மேட்டில் ஒரு பலகைக் கொட்டகை. வெளியே புல்தரையில் பாதி புதைத்த ஒரு செம்புப் பாத்திரம். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் சேர்ந்த மழைநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளக்க வேண்டும். பிறகு பாலத்துக்குப் போய், தூணில் அறைந்திருந்த அடிக்கோல் பலகையைப் பார்த்து ஆற்றின் மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆறு ஏறினால் கால்மணிக்கு ஒரு தரம் குறிக்க வேண்டும். கொட்டகைச் சுவரில் ஒரு டெலிபோன் இருந்தது. அம்பாங் பக்கம், மலையடியில், என்னைப்போலவே ஆற்றை அளக்கும் ஒரு மலாய்க்காரர் அதன் மறுமுனையில் இருந்தார். இரண்டு வருடம் தினமும் பேசியிருக்கிறோம். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

நான் குடியிருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன்; ரயில் தடம் மாறுகிற இடத்தில் கம்பியை இழுத்துவிட்டுக் கொடி காட்டுகிறவர். அவரை அண்ணே என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். முறைப்படி அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். வந்த முதல் நாளே அந்த அம்மாள், "அண்ணின்னு கூப்பிட்டு என்னைக் கிழவி ஆக்காத தம்பி, அக்கான்னே கூப்பிடு," என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு இழுப்பு இருந்தது. எஞ்சின் ஷெட்டில் விடியற்காலையில் நெருப்பு மூட்டும்போது கரிப்புகை எங்கள் வரிசைக்குத்தான் வரும். துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் கறுப்புப் பொட்டுகள் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் அக்கா அடுப்படியில் குந்திக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை ஒவ்வொன்றாக இழுப்பார். ஆஸ்பத்திரி டிரெசர் ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "முடிஞ்ச மட்டும் ஷெட்டுப் பக்கம் இருக்காதீங்க, ஆத்துப் பக்கம் போய்க் காத்தாட உட்காருங்க," என்றார். அக்கா அதை மருந்தைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மத்தியானச் சமையல் முடிந்ததும் அழுக்குத்துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் வெயில் நீண்டது. ஆறு வாரம் என் செம்புப் பாத்திரத்தில் ஒன்றும் விழவில்லை. தினமும் பூஜ்யம் எழுதினேன். புது ரப்பர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டிக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். டெங்கில் பக்கம் சதுப்பு நிலமே எரிகிறது, மேலே அணைந்தாலும் அடியில் கங்கு இருக்கிறது என்று அங்கிருந்து வந்த வண்டிக்காரர் சொன்னார். காப்பார் பக்கமும் அப்படித்தான் என்று என் அம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். எது உண்மையோ, எல்லாப் புகையும் கோலாலம்பூருக்கு வந்து தங்கியது. சூரியன் உச்சிக்கு வந்த பிறகும் வெறும் கண்ணால் பார்க்கும்படி சிவப்பாக நின்றது.

புகையை அளக்க எங்களுக்குக் கருவி கொடுக்கவில்லை. நானாக ஒரு வழி வைத்துக்கொண்டேன். கொட்டகை வாசலில் நின்று கிழக்கே பார்ப்பேன். நல்ல நாளில் பாலம், அதற்கப்பால் செங்கல் சூளையின் புகைபோக்கி, அதற்கும் அப்பால் மலை, மூன்றும் தெரியும். முதலில் மலை போயிற்று. பிறகு புகைபோக்கி போயிற்று. பாலம் மட்டும் தெரிந்த நாட்களும் இருந்தன. நோட்டில் கடைசிக் கட்டத்தில் 'மலை இல்லை' என்று இங்கிலீஷில் எழுதிவந்தேன். மேலதிகாரியான துரை அதன் கீழே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். அதன்பிறகு என் சொந்த நோட்டில் மட்டும் எழுதினேன்.

ஆறு வற்றியதால் நடுவில் ஒரு நீண்ட மணல்திட்டு எழும்பியிருந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவே முழங்கால் அளவு தண்ணீர்தான். குவார்ட்டர்ஸ் குழாயில் காலையில் ஒரு மணிநேரம் மட்டுமே தண்ணீர் விட்டார்கள். ஆகையால் பெண்கள் எல்லோரும் திட்டுக்குப் போய்த் துவைத்தார்கள். திட்டின் மேல்முனையில் ஈயமணல் அரிக்கும் சீனப் பெண்கள் மூன்று நான்கு பேர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றிருப்பார்கள். டூலாங் என்கிற அகன்ற மரத்தட்டில் ஆற்றுமணலை அள்ளிச் சுழற்றினால் மண் கழுவிக்கொண்டு போகும், ஈயம் அடியில் தங்கும். அவர்களில் நீலத்துணியைத் தலையில் கட்டிய ஒருத்தி அக்காவுக்குப் பழக்கம். இருவருக்கும் பொதுவாக இருந்தது, சந்தையில் பேசும் கொஞ்சம் பாசார் மலாய். சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள்.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். டெலிபோன் அடித்தது. அம்பாங் மனிதர் கத்தினார். அவர் குரலைவிட அவருடைய தகரக் கூரையின் இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. மலையில் பெருமழை, ஒரு மணிநேரமாகக் கொட்டுகிறது, இங்கே ஆறு பலகையையே தாண்டப் போகிறது என்றார். நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். அதே சிவப்புச் சூரியன். கிழக்கே புகையைத் தவிர ஒன்றும் இல்லை. மற்ற காலமாக இருந்தால் மலைமேல் கருமேகம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

விதிப்படி முதலில் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான் சொன்னதை எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டி, நேரத்தை இரண்டு தரம் கேட்டார். அது முடிந்த பிறகுதான் மேட்டின் விளிம்புக்கு ஓடினேன்.

"அக்கா! எல்லாரும் மேலே வாங்க! மலையில மழை! தண்ணி வருது!"

பெண்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"மழையா? எங்க தம்பி? ஒரு பொட்டுக்கூடக் காணோமே லா!"

"டெலிபோன்ல சொன்னாங்க!"

"டெலிபோன்ல நனைஞ்சிட்டியா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆறு வாரம் தினமும் பூஜ்யம் எழுதியவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்போது திட்டின் மேல்முனையில் நீலத்துணிக்காரி தட்டைச் சுழற்றுவதை நிறுத்தினாள். கையில் தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். அவள் இடுப்பைச் சுற்றிப் பச்சை இலைகளும் ஒடிந்த மூங்கில் நுனிகளும் மிதந்து வந்துகொண்டிருந்தன. ஆறு வார வெயிலில் அந்த ஆற்றில் பச்சை இலையே வந்ததில்லை. அவள் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஆயெர் நாயிக்! ஆயெர் நாயிக்!"

தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. துணிகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். பாதித் துணி திட்டிலேயே கிடந்தது.

அக்கா எழுந்தார், நான்கு எட்டு வைத்தார், உட்கார்ந்துவிட்டார். அன்று காலையிலிருந்தே அவருக்கு மூச்சு சரியில்லை. நான் கீழே இறங்கித் தண்ணீரைக் கடந்து போனேன். முழங்கால் அளவு இருந்தது அதற்குள் தொடைக்கு வந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே நீலத்துணிக்காரி அக்காவின் முன்னால் குந்தி, அவர் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முதுகில் தூக்கிவிட்டாள். அவள் அக்காவைவிடச் சின்ன உருவம். நான் பக்கத்தில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மூவருமாகக் கரையடிக்கு வந்தோம்.

மேடு செங்குத்து. படி வெட்டியிருந்தாலும் மண் உதிரும். மேலே ரயில்வே பட்டறையின் மணி அடித்தது. மூன்றரை. பாலத்தில் மட்டம் குறிக்க வேண்டிய நேரம். பெருவெள்ளத்தின் ஆரம்ப அளவு தவறிப்போனால் பின்னால் வருகிற எல்லா அளவும் வீண் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அக்காவின் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

"அக்கா, நான் பாலத்துக்குப் போகணும்."

 அவருக்குப் பேச மூச்சு இல்லை. நான் மேட்டில் ஏறிப் பாலத்துக்கு ஓடினேன்.

பாலத்தின் நடுவுக்கு வந்தபோது சத்தம் கேட்டது. செங்காவி நிறத்தில், சுரங்கச் சேற்றையும் மரக்கட்டைகளையும் உருட்டிக்கொண்டு, வளைவைத் திரும்பி வெள்ளம் வந்தது. திட்டு முதலில் சிறுத்தது, பிறகு இல்லை. காயப்போட்டிருந்த சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நான் பலகையைப் பார்த்து எழுதினேன். தலையைத் திருப்பியபோது, மேட்டின் முக்கால் உயரத்தில் நீலத்துணி தெரிந்தது. மேலேயிருந்து இரண்டு பெண்கள் கையை நீட்டி இழுத்தார்கள். அக்காவைச் சுமந்து அவள் நின்றிருந்த படிக்குக் கீழ்ப்படி வரை தண்ணீர் வந்தது. நான் அடுத்த அளவை எழுதினேன். எண்கள் கோணாமல் விழுந்தன. அதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

யாரும் சாகவில்லை. அக்கா ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த நாள் எங்கள் பக்கமும் மழை பெய்தது, புகை அமுங்கியது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா கேட்டார்.

"அன்னிக்கு அளவு எடுத்தியா தம்பி?"

"எடுத்தேன்க்கா."

"எவ்வளவு?"

"முதல்ல பாக்குறப்ப ஏழு அடி நாலு அங்குலம். அப்புறம் பத்து அடிக்கு மேல போச்சு."

அவர் கையைத் தன் தலைக்கு மேல் உயர்த்தி ஒரு கணம் பார்த்தார். "அப்ப நான் முங்கியே போயிருப்பேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. ஏழு அடி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

நீலத்துணிக்காரியின் தட்டு ஆற்றோடு போய்விட்டது. அவளுக்குப் பிழைப்பே அதுதான். அண்ணன் பட்டறைத் தச்சரிடம் சொல்லி, நல்ல பலகையில் அதேபோல் ஒன்று கடைந்து வாங்கிக்கொண்டு வந்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, ஒருமுறை சுழற்றிப் பார்த்து, "பெராட்," என்றாள், கனம் என்று. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒரு நாள் அவள் வீட்டுப் பக்கம் போன அக்கா, அதில் வாத்துகளுக்குத் தவிடு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அவள் அதற்குள் எங்கிருந்தோ பழைய தட்டு ஒன்று வாங்கி, ஆற்றுக்குத் திரும்பியிருந்தாள்.

நான் அண்ணனிடம் ஒரு சிவப்புக் கொடி கேட்டேன். கிழிந்து கழித்துப்போட்டதாக இருந்தாலும் போதும் என்றேன். மறுநாளே ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் மூங்கில் நட்டேன். அம்பாங்கிலிருந்து ஆறு ஏறுகிறது என்று தகவல் வந்தால், ஆபீசைக் கூப்பிடுவதற்கு முன் கொடியை ஏற்றினேன். விதியில் நான் மாற்றியது அந்த ஒன்றுதான்.

முதல் மூன்று தடவை கொடி ஏற்றியதில் இரண்டு தடவை தண்ணீர் வரவில்லை. மலையில் பெய்த மழை வழியிலேயே அடங்கிவிட்டது. துவைத்ததை ஈரத்தோடு மூட்டை கட்டி மேடேறிய பெண்கள் என்னைத் திட்டினார்கள். "உன் கொடிக்குப் பயந்து பயந்தே எங்க முதுகு ஒடியுது," என்றாள் டெலிபோனில் நனைந்தாயா என்று கேட்டவள். அக்கா கொடியைப் பார்த்ததும் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, முதலில் ஏறத் தொடங்குவார். அவர் ஏறுவதைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

ஒரு நாள் துரை வந்தார். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, வெள்ளத்தன்று எடுத்த அளவுகள் ஒழுங்காக இருக்கின்றன என்று பாராட்டினார். பிறகு ஜன்னல் வழியாக மூங்கிலைக் காட்டி, அது யார் உத்தரவு என்று கேட்டார். யாருடைய உத்தரவும் இல்லை, கீழே பெண்கள் துவைக்கிறார்கள் என்றேன். அவர் மேட்டு விளிம்புக்குப் போய்ச் சிறிது நேரம் நின்று பார்த்தார். திரும்பி வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். இருக்கலாம் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் இரண்டாவது பெருந்தண்ணீர் வந்தபோது கரையில் ஆள் ஒருவரும் இல்லை. ஒரு தகர வாளியும் ஒரு சோப்புக் கட்டியும் போனதாக எனக்குத் தகவல் வந்தது. வாளிக்காரி அதற்கும் என்னைத்தான் குறை சொன்னாள்.

மறு வருடம் என்னைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். அங்கே ஆறு கடல் சொன்னபடி ஏறி இறங்கும், அளப்பது சுலபம். புதிதாக வந்தவரிடம் பொருள்களைப் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன்: செம்புப் பாத்திரம், கண்ணாடிக் குழாய், டெலிபோன், நோட்டு. கொடி சர்க்கார் சொத்து அல்ல என்பதால் பட்டியலில் சேர்க்க முடியவில்லை. எப்போது ஏற்ற வேண்டும் என்று வாயால் சொன்னேன்.

"இது ரூல்ல இருக்கா அண்ணே?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

அவர் கொடியை வாங்கி மடித்து, டெலிபோனுக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார்.