கப்பல் கடியாரத்துக்குச் சொன்ன பதில்

இது நடந்தது. ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. ஒரு புதன்கிழமை, பட்டப்பகல். நேரங்களை ஷிப்ட் நோட்டில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், அடிவாரத்தில், கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் சின்ன ஆலை. நான் அங்கே எஞ்சினியர். எங்கள் டர்பைன் புதிதல்ல. உடைத்து விற்கப்பட்ட ஒரு வெளிநாட்டுக் கடலோரக் காவல் கப்பலிலிருந்து வந்தது. அந்தக் கப்பலின் அமைப்பே வேறு மாதிரி. நீராவி டர்பைனைச் சுழற்றும். டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த மின்சாரத்தில் ஒரு மோட்டார் ஓடி, தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைத் திருப்பும். டர்பைனுக்கும் விசிறிக்கும் நடுவே இரும்பு இணைப்பு கிடையாது. ஒயர் மட்டும்தான். கப்பல் பின்னால் போக வேண்டுமானால் மோட்டார்தான் மாறிச் சுற்றும். டர்பைனுக்குப் பின்னோக்கிச் சுற்றத் தெரியாது.

டர்பைனோடு அதன் கன்ட்ரோல் பலகையும் வந்தது. அதில் ஒரு பித்தளை வட்டம். ஸ்டாப், ஸ்லோ, ஹாஃப், ஃபுல் என்று எழுத்து. இரண்டு முள். கப்பலின் மேல்தளத்தில் கைப்பிடியைத் திருப்பினால் இங்கே மணி அடிக்கும், மேல் முள் நகரும். கீழே இருப்பவன் தன் முள்ளை அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'சரி, செய்கிறேன்' என்று பொருள். மேல்தளக் கைப்பிடியோடு இதை இணைத்த சங்கிலியை அறுத்துத்தான் கழற்றியிருந்தார்கள். அழகுக்காக விட்டுவைத்தோம். ஆட்கள் அதைக் கப்பல் கடியாரம் என்பார்கள்.

இன்னொன்று. என் மனைவி சங்கவி இறந்து அப்போது எட்டு மாதம். மஞ்சள் காமாலை. எட்டு மாதமாக யார் எது சொன்னாலும் சரி என்றேன். அவள் புடவைகளைக் கொடுத்துவிடலாமா என்றார்கள். சரி. வீட்டை மாற்று என்றார்கள். சரி.

அன்று சோதனை ஓட்டம். 3.10க்கு டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு வந்தது. ஆபரேட்டர் இருசப்பன், மலைக்காரர், எண்ணெய்க் கசிவை இறுக்க டர்பைனுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கினார்.

3.41.

ணங்.

மேல் முள் ஃபுல்லில் நின்றது.

"இன்னா சார், கப்பல்காரன் கூப்புட்றானா?" குழியிலிருந்து சிரிப்பு.

"அதிர்வுல ஆடியிருக்கும்ணே."

"பதில் சொல்லிடாதீங்க. எங்க மலையில மூணு தடவ கூப்ட்டாத்தான் ஏன்னு கேப்போம். ஒரு தடவ கூப்புட்றது மனுசன் இல்ல."

"கப்பல்ல ஒரு தடவையே போதும்."

"அப்ப நீங்களே கட்டிக்கினு அழுங்க."

என் முள்ளை ஃபுல்லுக்குத் தள்ளினேன். சரி.

பித்தளை சில்லென்று இருந்தது. விரலில் ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தேன்...

உப்பு.

3.43. வேகம் 3100. யாரும் வால்வைத் தொடவில்லை.

3.44. 3300. இந்த வேகத்தில் அது தானாக நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. நீராவியை அறுத்து நிறுத்தும் டிரிப் லீவரை அடித்தேன். விழவில்லை.

3.45. 3600. டர்பைனின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும், கப்பலில் ஓடிய காலத்து வேகம்.

தரை ஏறியது. இறங்கியது. அலைமேல் நிற்பதுபோல...

"சத்தம் ஏறிக்கினே போவுது! இன்னா சார் பண்றீங்க!"

குழியின் ஏணி ஆட்டத்தில் கழன்று விழுந்திருந்தது. டர்பைன் வெடித்தால் முதலில் அவர்தான்.

3700.

எனக்குப் பயம் வரவில்லை. போகட்டும், அவளிடமே போகட்டும் என்று உள்ளே ஏதோ சரி சொன்னது.

"சார்... வூட்ல புள்ளைங்க கீது சார்..."

என் முள்ளைப் பிடித்து ஸ்டாப் பக்கம் இழுத்தேன். வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

"மாட்டேன்," என்றேன். எட்டு மாதத்தில் முதல் முறை.

பிடி இறுகியது... என் மணிக்கட்டில்.

"மாட்டேன்டா!"

காலைப் பலகையில் ஊன்றி இழுத்தேன்.

டக்.

ஸ்டாப்.

டிரிப் லீவர் தானாக விழுந்தது. 3.47.

இருசப்பனைக் கயிறு போட்டுத் தூக்கினேன். என் மணிக்கட்டைப் பார்த்தார். நான்கு விரல் தடம், வெளுத்துப்போய். "மூணு தடவன்னு சொன்னேன்ல சார்," என்றார். 

ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்க உளுந்தூர்பேட்டை போனேன். ஆலையிலிருந்து அறுபது கிலோமீட்டர். எங்களுக்கு டர்பைனை விற்ற பழைய இரும்பு வியாபாரி கண்ணாயிரம் அங்கே லாரிக்காரர்களுக்கு ஓட்டல் வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் அது நின்றது. அதே கப்பலின் மேல்தளக் கைப்பிடி. எங்கள் கடியாரத்தின் ஜோடி. அவரிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அடியில் அறுந்த சங்கிலி தொங்கியது.

நான் கேட்கும் முன்பே சொன்னார்.

"புதங்கெழம டீ நேரம்ங்க. யாரும் தொடல. கைப்பிடி தானா ஃபுல்லுக்குப் போச்சு. மணி அடிச்சு பதில் முள்ளும் ஃபுல்லுக்கு வந்துது. அப்பறம் இன்னொரு மணி. முள்ளு மட்டும் ஸ்டாப்புல நின்னுடுச்சு."

"கைப்பிடி?"

"இன்னும் ஃபுல்லுலதான். நாலு பேர் இழுத்தும் வரல. தொடச்சிக்கினே கீறோம், ஈரம் காய மாட்டுது."

ஆலைக்குத் திரும்பினேன். என் முள்ளை ஸ்டாப்பில் வைத்து வெல்டு அடித்தேன். கழற்றி எறியச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்றேன்.

நேற்று 3.41க்கு மணி அடித்தது. இரண்டாவது தடவை.

மூன்றாவதும் அடிக்கட்டும், பதில் ஸ்டாப்தான். நான் ஷிப்டில்தான் இருப்பேன்.