உறுமி நெருங்கியபோது

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் அந்த அக்கா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். கல் கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டு, புல் இருக்கும் பக்கமாக உட்காருவார். ஒல்லியான உடம்பு. இடது புருவத்தில் பழைய தையல் தழும்பு.

மலேசியாவில், ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அன்று மாரியம்மன் திருவிழா. தோட்டத்துப் பாலர்பள்ளியில் பாடம் நடத்தப் புதிதாக வந்திருந்த நான் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் உறுமி மேளம் கேட்டதும் என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

"டீச்சர், எனக்கு வலிப்பு இருக்கு. மருந்து போட்டுட்டுத்தான் வந்தேன். ஆனா நேத்து சரியாத் தூங்கல, அதான் பயமா இருக்கு. விழுந்தா சாமி வந்துடுச்சும்பாங்க. போன வருஷம் வாயில எலுமிச்சம்பழத்தைத் திணிச்சு மூச்சு முட்டிப்போச்சு. நீங்க ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும்."

"அப்புறம் ஏன்க்கா வர்றீங்க?"

"ரெண்டு தடவை வரலைன்னா, அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க லா."

மேளம் நெருங்கியது. அவர் பிடி இறுகியது, பிறகு சட்டென்று நழுவியது. புல்லில் விழுந்து துடித்தார்.

"ஆத்தா வந்துட்டா!"

கூட்டம் சூழ்ந்தது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு அவர் வாயருகே குனிந்தார். நான் பாய்ந்து அதைத் தட்டிவிட்டேன். துடிப்பு அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மெல்ல மூச்சு சீரானது.

கண் திறந்ததும், "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றார்.

சற்றுமுன் பழத்தைத் தட்டக் கையை எடுத்தபோதுதான், கூட்டத்தோடு சேர்ந்து என் இரண்டு கைகளும் அவரைச் சாமியாகப் பார்த்துக் கூப்பியிருந்ததை உணர்ந்தேன். அதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.