எங்களுக்குத் துடக்கில்லை

எங்கள் அப்பா கொள்கைக்காரர் என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் ஐந்தாம் நாள் உபயம் கேட்டு நாலு வருடம் காத்திருந்து, எனக்குப் பத்து வயதில் அது அவருக்குக் கிடைத்தது. பூத்தட்டுத் தூக்கப்போவது நான். அரக்குப் பட்டில் பாவாடை சட்டையும் தைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்குப் பிள்ளை பிறந்தது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றின் பதினேழாம் மாடியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த அங்கிளோடு குடும்பமாக இருந்தார். சட்டப்படி கல்யாணம் செய்தவர்கள். அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை; ஆனால் தம்பியோடு பேச்சை முறிக்கவுமில்லை. இரண்டு பேரும் ஆண்கள் என்பதால் வேறொரு பெண் அவர்களுக்காகச் சுமந்தார். முதல் இரண்டு தடவையும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது சித்தப்பா நகரத்து ஓரம் ரூஜில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னேரம் வரை சுவரைப் பார்த்தபடி சோபாவில் கிடந்தார். காய்ச்சல் என்று அம்மா சொன்னார். நானும் நம்பி, குளிசையும் தண்ணியும் கொண்டுபோய் நீட்டினேன்.

மூன்றாவது தங்கியது. பெண் பிள்ளை. சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரல். அப்பா சுகம்கூட விசாரிக்கவில்லை.

“பிள்ளை ஆற்ற?”

“எங்கட ரெண்டு பேற்றையும்தான், அண்ணை.”

“அது கிடக்கட்டும். ரத்தம் ஆற்ற எண்டு கேக்கிறன். துடக்குப் பாக்கோணுமெல்லே?”

பிள்ளை பிறந்தால் தகப்பன் வழிச் சொந்தத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. பிள்ளை சித்தப்பாவின் ரத்தம் என்றால் எங்கள் உபயம் போச்சு. அங்கிளின் ரத்தம் என்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

சித்தப்பாவின் குரல் இப்போது தெளிவாக வந்தது. “அதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம். நீங்கள் துடக்குக் காக்கோணும் அண்ணை. உங்களிட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் காத்தால் காணும், இவள் எங்கட குடும்பத்துப் பிள்ளை எண்டு எல்லாருக்கும் விளங்கும்.”

அப்பா ஐயரைக் கேட்டார். “தம்பியின்ர பிள்ளையெண்டா முப்பத்தொரு நாள். இல்லையெண்டா இல்லை” என்று ஐயர் நழுவிக்கொண்டார்.

“இஞ்சருங்கோ, அடுத்த வருசம் செய்வமே. பெடியன் வாய்விட்டுக் கேட்டவனெல்லே” என்றார் அம்மா.

“ஆற்றையோ பிள்ளைக்கு நான் ஏன் காக்கோணும்? எங்களுக்குத் துடக்கில்லை.”

துள்ளிக் குதித்தேன். பாவாடை வீணாகாது என்ற ஒரே சந்தோசம். என்ன பிறவியோ நான்!

உபயம் சிறப்பாக நடந்தது. பிள்ளை பிறந்து அன்றைக்கு ஒன்பது நாள். பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா காரை விட்டு இறங்கவில்லை, பார்க்கிங் இல்லையாம். லிஃப்டில் அம்மா என் நெற்றித் திருநீற்றை ஈர ரிசுப் பேப்பரால் அழுத்தித் துடைத்தார். “கோயில் கதை வாயிலை வரப்படாது. கேட்டால் பிறந்தநாள் வீட்டாலை வாறம் எண்டு சொல்லு.” தலையாட்டினேன்.

அங்கிள்தான் கதவைத் திறந்தார். “வாங்க அண்ணி, பாப்பாவைப் பார்க்க வந்த முதல் சொந்தம் நீங்கதான்” என்றார். சித்தப்பா என்னைச் சோபாவில் இருத்தி, கை எப்படி வைக்கவேண்டும் என்று காட்டி, பிள்ளையை மடியில் கிடத்தினார். பால் மணம். நான் அவளைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

“உங்களாலை அக்கான்ர உபயம் நிண்டுபோச்சு, தெரியுமோ குட்டி?” சித்தப்பா பிள்ளையின் காலைத் தடவிச் சிரித்தார். “அடுத்த வருசம் ரெண்டு பேரும் சேர்ந்து தட்டுத் தூக்குவியளாம்.”

நின்றுபோனதா? கை நோக நோக நான் தூக்கிய தட்டு! எனக்குப் பொறுக்கவில்லை.

“நிக்கேல்லை சித்தப்பா. நான்தான் இண்டைக்குத் தூக்கினனான். எங்களுக்குத் துடக்கில்லை எண்டு அப்பா சொன்னவர்.”

அம்மா “ஐயோ” என்றார். சித்தப்பா என் சட்டைச் சரிகையைப் பிடித்திருந்த குட்டி விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிள்ளையை எடுத்தார். அங்கிள் கொண்டுவந்த ஜூஸை மறு கையால் மறித்தார்.

“இது துடக்கு வீடு, அண்ணி. கோயிலாலை வந்த நீங்கள் இஞ்சை தண்ணியும் குடிக்கக்கூடாது. போங்கோ.”

குரல் உயரவேயில்லை. லிஃப்டில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குத் துடக்குப் பட்டுவிடக்கூடாது என்று சித்தப்பா எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா காரை எடுத்தார். முப்பத்தொண்டு முடிய இன்னும் இருபத்திரண்டு நாள்தான், பிறகு பிள்ளையை ஆசைதீர மடியில் வைத்திருக்கலாம் என்று வீடு வரும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.