வலி கீழே, மருந்து மாடியில்

பிசியோதெரபி என்பது, ஒருவருக்கு வலிக்கிற இடத்தையே அமுக்கிவிட்டு "வலிக்குதா?" என்று கேட்கிற தொழில்.

தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் என் கிளினிக் கீழ்த்தளத்தில். மாடியில் மனநல மருத்துவர். என்னிடம் வருகிறவர்களை அடிக்கடி மேலே அனுப்புவேன், முறைப்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிற நீங்களும் முறைக்கலாம். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு

நூர்ஜஹான் அக்காவின் கணவர் சவூதியில். தோள் இறுகி, கையைத் தூக்க முடியாமல் வந்தார். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கக்கா?" என்றேன். "பன்னெண்டு" என்றார். தோளைச் சுழற்றிப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் பேச்சுவாக்கில், தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளைகள் சிரித்தால்கூட அழுகை வருகிறது என்றார்.

"மேல ஒரு எட்டு போய்ட்டு வாங்கக்கா" என்றேன். "எனக்குத் தோளுதான் சரியில்ல, மண்ட நல்லாத்தான் இருக்கு" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் தானாகவே படி ஏறினார். மேலே மனச்சோர்வுக்கு மாத்திரை, கீழே தோளுக்குப் பயிற்சி. சில மாதம் கழித்து "இப்ப வலி எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கத்தான் செய்யுது. முன்ன வீட்டு ஓனர் கணக்கா அதிகாரம் பண்ணுச்சு, இப்ப வாடகைக்கு வந்தவ கணக்கா மூலையில கெடக்கு."

நல்லா வலிக்குது!

குற்றாலத்தில் சாரல் நேரம். லாட்ஜ் நடத்துகிற மாரியப்பன் அண்ணாச்சியை அவர் மனைவி செல்வி இழுத்துக்கொண்டு வந்தார். பாறையில் வழுக்கி விழுந்து, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் காலோடுதான் நாலைந்து நாளாக ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். தூக்கமே கிடையாதாம். புது லாட்ஜ் கட்டப்போகிறாராம், மொட்டைமாடியிலேயே அருவி விடப்போகிறாராம்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"நல்லா வலிக்குது தாயி!" என்றார், சூடாக அல்வா சாப்பிட்டவர் முகத்தோடு.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருந்தது. இன்னும் நடந்தால் கால் ஊனமாகிவிடும் என்றதும் செல்வி அழுதுவிட்டார். அண்ணாச்சியோ எழுந்து கிளம்பப் பார்த்தார். உட்காரச் சொல்லி வலி கத்துகிறது. கேட்கிற நிலையில் மனசு இல்லை. மாடி மருத்துவரையே கீழே வரவழைத்தேன். மனசு எல்லை மீறித் துள்ளுகிற நோய் என்றார். பேசிப் பேசி, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துக் காலுக்குக் கட்டும் மனசுக்கு மருந்தும் போட்டோம்.

கட்டுப் பிரித்தபின் பயிற்சிக்கு வந்தார். பாதத்தில் விரல் வைத்ததுதான் தாமதம், "ஐயோ, அம்மா!" என்ற அலறல் தெருமுனை வரை கேட்டது. நான் பதறிப்போய்ச் செல்வியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கத்தட்டும் டாக்டர், எங்க வீட்டு மனுசன் திரும்பி வந்துட்டாரு."

வலி எங்கே போச்சு?

செங்கோட்டையிலிருந்து கழுத்துவலியோடு ஒரு கணக்கு வாத்தியார் வருவார். அவருக்குச் சாதாரணச் சுளுக்கே கிடையாது; எல்லாம் பெரிய நோயின் ஆரம்பம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால், "மெஷின் பழசு" என்பார். மாடிக்கு அனுப்பினால், பாதிப் படியில் திரும்பிவிடுவார்.

ஒருநாள் நான் கிளினிக்கைத் திறக்குமுன்பே முகம் வெளுத்து நின்றார்.

"என்ன சார், வலி கூடிருச்சா?"

"சுத்தமா இல்ல மேடம். நரம்பு செத்துருச்சோன்னு பயமா இருக்கு!"

இனி விட்டால் ஆகாது என்று கையைப் பிடித்து நானே மேலே கூட்டிப்போனேன். பேசிக்கொண்டே வந்ததில் அவர் திரும்பவே மறந்துவிட்டார். மாடிக்கு வந்ததும் சட்டென்று நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்தார்.

"இத்தன படி ஏறியும் எனக்கு மூச்சு வாங்கல மேடம், இதுவும் ஏதாச்சும் வியாதியா?"

மொத்தத்தில், முட்டிவலிக்காரர்களைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறச் சொல்கிற ஒரே பிசியோதெரபிஸ்ட் தென்காசி வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.