சாலைக்கு எதிரே ஒரு சிற்றாலயம்

இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்து ஆலயங்களைப் பற்றி நான் இன்றும் ஒரு மணிநேரம் தடையின்றிப் பேச இயலும். அம்மாவட்டத்தில் நான் கால் வைத்ததில்லை. ஜெர்மனியில், டுசல்டோர்ஃபுக்கு அண்மையில் இருந்த சிறு நகரொன்றின் ஏதிலியர் விடுதியில், எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலத்தில், அவற்றை நிழற்படங்களிலேயே கண்டேன்.

அக்காலத்தில் என் கவலை ஒன்றே. என் வீடு எரிந்தபோது பிறப்புச் சான்றிதழ் முதல் ஆசிரியப் பணி நியமனக் கடிதம் வரை யாவும் எரிந்துபோயின. நான் கூறும் பெயருக்கும் ஊருக்கும் உரியவன்தானா என்று அலுவலகத்தார் ஐயுற்றனர். அந்த ஐயம் தீராவிடின் என் அடைக்கல விண்ணப்பம் தள்ளப்படும். தள்ளப்பட்டால் கொழும்புக்கு வானூர்தி ஏற்றுவார்கள். என் மனைவி அங்கே பள்ளிக்கூடக் கட்டடமொன்றில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் அழைப்பேன் என்று காத்திருந்தாள்.

நகரத்துப் பாதிரியார் நல்லவர். அவருடைய சபைக்கு இங்கிலாந்திலே ஒரு நட்புச் சபை உண்டு. அவர்கள் தம் மாவட்டத்துப் பழைய ஆலயங்களின் படங்களை இரண்டு அட்டைப்பெட்டிகளில் அனுப்பியிருந்தனர். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மங்கிய பென்சில் எழுத்தில் நெடிய குறிப்புகள். கண்காட்சி வைக்க விரும்பிய பாதிரியாருக்கு அந்தப் பழைய ஆங்கிலக் கையெழுத்து விளங்கவில்லை. நான் அதைப் படித்து எளிய ஆங்கிலத்தில் சொல்வேன். அவர் இடாய்ச்சு எனப்படும் ஜெர்மன் மொழியில் எழுதுவார். இவ்வாறு என் முதல் இடாய்ச்சுச் சொற்கள் ஆலயம், வழிபாடு, வாயில், சபையார் என்பனவாக அமைந்தன. ரொட்டி வாங்கத் தெரியாதவனுக்குத் திருப்பலிபீடம் தெரிந்திருந்தது.

படங்களைப் பலகையில் மாட்ட என் அறைத்தோழர் வருவார். அவர் என் ஊரவர், முப்பத்தெட்டு வயதிருக்கும். எங்கள் ஊர்க் கோயிலினுள் விடப்படாத மக்களில் ஒருவர். ஊரில் அவருடைய தந்தை என்னை ‘நயினார்’ என்று அழைத்தார். விடுதியில் மகன் ‘அண்ணை’ என்றார். ஒரே சட்டியில் சமைத்து உண்டோம். அந்த ‘அண்ணை’யை விழுங்க எனக்குச் சில மாதங்கள் சென்றன என்பதை மறைப்பதற்கில்லை.

ஒருநாள் அவர் இரு படங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்று, கருங்கற் கோபுரமுள்ள பேராலயம். மற்றது, அதற்கு எதிரே சாலையின் மறுபுறம் செங்கல்லால் கட்டிய, மாட்டுக்கொட்டில் போன்ற சிற்றாலயம்.

“இதென்ன அண்ணை, கோயிலுக்கு முன்னாலை இன்னொரு கோயில்?”

குறிப்பைப் படித்துச் சொன்னேன். பேராலயத்தில் முன்வரிசை இருக்கைகள் செல்வக் குடும்பங்களுக்கு உரியன. அவற்றுக்குக் கதவும் உண்டு. பண்ணைக் கூலிகளுக்குத் தூணின் மறைவில் வெறும் வாங்குப்பலகை. அவர்கள் வெறுத்து, வேலை முடிந்த மாலைகளில் தாமே செங்கல் அடுக்கி இதைக் கட்டினர்.

அவர் சிரித்தார். “அப்ப வெள்ளைக்காரருக்கும் உந்த வருத்தம் இருந்திருக்கு. எண்டாலும் உள்ளுக்கு விட்டவங்கள்தானே. வாசல்லை ஆள் நிப்பாட்டேல்லையே?”

நான் அடுத்த படத்தைப் புரட்டினேன். வாசலில் நிறுத்தப்பட்ட ஆள் நான். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், திருவிழா நாளில் அவரைச் சேர்ந்தவர்கள் உள்ளே வழிபட வந்தபோது, கோயிற் செயலாளனாகிய நான் கதவைப் பூட்டி அதன் முன் நின்றேன். ஆகமத்தை மேற்கோள் காட்டிப் பேசினேன். அப்பேச்சின் சொல்லழகைப் பலர் பாராட்டினர்.

தை மாதத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னை ஊரில் அறிந்த ஒருவரின் வாய்மொழிச் சான்று வேண்டும் என்றது. பாதிரியாரிடம் ஓடினேன். அவர் வருந்தினார். “நீங்கள் ஆங்கிலம் நன்கு படிப்பவர் என்று மட்டுமே நான் எழுத இயலும்.”

அந்நகரில் என்னை அறிந்தவர் ஒருவரே இருந்தார். மூன்று நாள் தயங்கியபின் கேட்டேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

“வாறன் அண்ணை. ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன்.”

“உள்ளதைச் சொன்னால் போதும்,” என்றேன்.

அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் நம்மவர்; கழுத்துப்பட்டி அணிந்தவர். உள்ளே செல்லுமுன் என்னிடம், “ஐயா ஊரிலை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கோயில் வீதி என்றேன். போதுமாயிற்று, எழுந்து தம் நாற்காலியை எனக்குத் தந்தார். என் தோழரை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இவரை எவ்வாறு அறிவீர் என்று அதிகாரி என் தோழரை வினவினார்.

“எங்கடை ஊர்க் கோயில் செயலாளர். நாங்கள் கும்பிட வந்த நாள் கதவைப் பூட்டிப்போட்டு முன்னாலை நிண்டவர். என்ரை அப்பாவை நெஞ்சிலை கை வைச்சுத் தள்ளினவர். இந்த முகத்தை நான் மறக்கமாட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் தணிந்த குரலில், “தம்பி, உதெல்லாம் இஞ்சை என்னத்துக்கு? அவருக்குக் கூடாமல் போயிடும்,” என்றார்.

“கேட்டதுக்குச் சொன்னனான். நீங்கள் சொல்லுங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அவர் கூறிய வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் இல்லை: இருவரும் ஒரே ஆலயத்தில் வழிபட்டவர்கள், சாட்சியின் தந்தை இவருக்கு நெருங்கியவர். தட்டச்சுப் பொறி ஓசையிட்டது. நான் ஒரு சொல் கூறித் திருத்தியிருக்கலாம். திருத்தினால் விண்ணப்பம் என்னாகுமோ என்று அஞ்சி, மேசையின் விளிம்பைப் பார்த்திருந்தேன்.

வெளியே, பேருந்து நிறுத்தத்தில் பனி தூறியது. என் தோழர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

“அண்ணை, உங்களுக்கு அவங்கடை பாசை விளங்குந்தானே. நான் சொன்னதை அந்தாள் அப்பிடியே சொன்னவரோ?”

“ஓம்,” என்றேன். “அப்படியே சொன்னார்.”

அவர் புகையை விட்டார். “அப்ப ஒரு அரசாங்கத்தின்ரை கடதாசியிலை ஏறிட்டுது. அப்பா இருந்திருந்தா...” பிறகு கேட்டார்: “அந்தக் கடதாசியிலை எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தருவியளோ?”

தருகிறேன் என்றேன். சித்திரையில் எனக்கு வதிவுரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு மனைவி வந்து சேர்ந்தாள். அவர் வேலை தேடி வேறு நகருக்குப் போகும்வரை, அந்தப் பிரதியை என்னிடம் இருமுறை கேட்டார்.