அணைக்கச் சொன்ன குரல்

அந்தத் தகரப் பெட்டி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. கொச்சியின் மட்டாஞ்சேரியில் சுக்குப் பண்டகசாலைகளில் வேலை பார்த்த பெண்களைப் பேச வைத்து, முன்னொரு காலத்தில் ஓர் ஆய்வாளர் பதிவு செய்த டேப்புகள் அதில் இருந்தன. அவர் இறந்த பிறகு வீட்டார் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பெட்டி மேல் 'தமிழ், தெளிவில்லை' என்று மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

எனக்கு அது தெளிவாகவே இருந்தது. நான் மட்டாஞ்சேரிக்காரி. அப்பா நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் எழுதப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகுதான். பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணச் சேகரிப்புப் பிரிவில் எனக்கு உதவியாளர் வேலை. தோப்பும்படியில் பஸ் ஏறி, கலூரில் இறங்கி மாறிப் போவேன்.

பிரிவுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது இளையவர். மழைக்காலம் வந்தால் அவருக்கு நிம்மதி இருக்காது. ஓணம் விடுமுறையில்கூட ஆட்டோ பிடித்து வந்து, ஈரத்தை இழுக்கும் மெஷின் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அந்த டேப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. முகமூடி கட்டிக்கொண்டு, மெல்லிய துணியை விரலில் சுற்றி, கையாலேயே சுழற்றித் துடைப்பார். ஒரு டேப்புக்கு ஒரு நாள்.

"மெஷின்ல ஓட்டினா சீக்கிரம் முடியுமே, டீச்சர்?"

"சீக்கிரம் முடியும். டேப்பும் முடிஞ்சுடும்."

அவர் சொன்னது மலையாளத்தில். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

துடைத்த டேப்புகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. நான்காவது டேப்பில் ஒரு பெண் வந்தாள். சுக்கு பொறுக்குவது பற்றி, தூசியில் தும்மித் தும்மி மூக்கு எரிவது பற்றி, மேஸ்திரியின் நடையைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு ஹெட்போனோடு தனியாகச் சிரித்தேன். பிறகு அவள் குரல் இறங்கியது. "அந்த டேப் பெட்டிய அணைச்சிடுங்க சார். இது உங்ககிட்ட மட்டும் சொல்றது" என்றாள். 'டக்' என்று ஏதோ சத்தம். ஆனால் பதிவு நிற்கவில்லை, டேப் ஓடிக்கொண்டே இருந்தது. தன் கல்யாணத்தில் நடந்த ஒன்றை அவள் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் ஹெட்போனை வாங்கவில்லை. "அணைக்கச் சொன்னது வரைக்கும் போதும். மீதிய நான் கேக்க வேண்டாம்" என்றார்.

அந்தப் பகுதியை வெளியிட வேண்டாம் என்று டீச்சர் சொன்னது எங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. டேப்புகளை இணையதளத்தில் ஏற்றி எல்லோரும் கேட்கும்படி செய்வதாக ஏற்பாடு. உருக்கமான பகுதி அதுவாகத்தான் இருக்கும் என்று கேட்காமலேயே அவர் முடிவு கட்டியிருந்தார்.

"அந்த அம்மா இப்ப உயிரோட இருக்கப் போறாங்களா என்ன?" என்றார்.

"செத்துட்டா சொன்ன வார்த்தை இல்லைன்னு ஆயிடுமா, சார்?" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "வீட்டு ஆளுங்களக் கண்டுபிடிச்சுக் கேக்கறேன். அதுவரைக்கும் ஏத்த வேண்டாம்."

டேப்பில் அவள் மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கொச்சங்காடியில் குடியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் டீச்சரும் நானும் பண்டகசாலைச் சந்துகளில் விசாரித்து அலைந்தோம். மூன்றாவது வாரம் ஒரு சாயாக் கடைக்காரர், "அம்மா சுக்கு பொறுக்கினவங்கன்னா அந்த வீட்ல கேளுங்க" என்று ஒரு பச்சைக் கதவைக் காட்டினார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். நகரசபை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டேப்பின் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். மேஸ்திரியின் நடை வந்ததும் அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கம்மாதான் மோளே. இப்படித்தான் எல்லாரையும் கிண்டல் பண்ணும்."

பிறகு டீச்சர் நடந்ததைச் சொன்னார். உங்கள் அம்மா அணைக்கச் சொன்னார், அணைக்கவில்லை, அது எங்களிடம் இருக்கிறது, கேட்டது இவள் ஒருத்திதான் என்று மறைக்காமல் சொன்னார். அக்கா ஹெட்போனை வாங்கிக்கொண்டார். நாங்கள் இருவரும் வெளியே சந்தில் போய் நின்றோம். நல்ல வெயில்.

அக்கா கூப்பிட்டபோது அடுப்பில் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண் சிவந்திருந்தது.

"அம்மா எங்கிட்ட இத வாய் திறந்து சொன்னதில்ல. ஆனா எனக்குத் தெரியும்" என்றார். "சுக்கு கதைய ஊரே கேக்கட்டும். இது வேண்டாம்."

"சரி அக்கா" என்றேன்.

"அழிச்சிடுவீங்களா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத ஆள். அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னா அழிச்சிடறேன். உங்க முன்னாடியே."

அக்கா கையசைத்துத் தடுத்தார். "வேண்டாம். அம்மா குரலாச்சே. பூட்டி வைங்க. எனக்குக் கேக்கணும்னு தோணினா வர்றேன்."

அதை அப்படியே எழுதி, மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். டீச்சர் அந்தக் காகிதத்தோடு தலைவரைப் போய்ப் பார்த்தார். தலைவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். இப்போது எங்கள் பிரிவில், வீட்டாரைக் கேட்காமல் எந்தக் குரலும் வெளியே போவதில்லை.

அந்த வருடம் மழை விட்ட பிறகு, மட்டாஞ்சேரியிலேயே ஒரு காலிப் பண்டகசாலையை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி டேப்புகளைப் போட்டுக் காட்டினோம். சுக்கு பொறுக்கியவர்களின் பிள்ளைகளும் மருமகள்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டார்கள். அக்கா முன்வரிசையில் இருந்தார். நான் கேட்டு எழுதித் திரையில் காட்டியதில் ஒரு சொல் தப்பு என்று எல்லோர் முன்னாலும் திருத்தினார். கூட்டமே சிரித்தது. என்னைப் பார்த்து அதிகம் சிரித்தது டீச்சர்தான்.

அதற்கடுத்த வாரம், கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு மளிகைக் கடைக்கார பாய் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். அவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அவர் பேசி அனுப்பிய கேசட்டுகளையும், மனைவி பதிலுக்குப் பேசி அனுப்பியவற்றையும் பையில் கொண்டுவந்திருந்தார். மனைவி இப்போது இல்லை. கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துக் கேட்க முடியவில்லை.

"சுத்தம் பண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரணும். ஆனா யாரும் கேக்கக் கூடாது" என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கம்.

பதினொரு கேசட்டுகள். டீச்சர் ஒவ்வொன்றையும் துடைத்தார். ஏற்றும்போது ஸ்பீக்கர் வயரையும் ஹெட்போனையும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். சத்தம் பதிவாகிறதா என்று காட்டும் பச்சைக் கோடு மட்டும் திரையில் ஏறி இறங்கியது. அது நின்றுவிடாமல் இருக்கிறதா என்று கண்ணெடுக்காமல் பார்த்தபடி, அவர் மதியச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.